காலி இடம் வேறு, பூச்சியம் வேறு: உரைக்கோப்பின் மதிப்புகளை எண்ணாக மாற்றும்போது

சில ஆண்டுகளுக்கு முன், காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் திருத்தப்பட்ட சமயம். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 35-க்குக் கீழே எடுத்தவர்களைப் பிரித்துத் தரும்படி என்னிடம் சொன்னார்கள். மாலைச் சிறப்பு வகுப்புக்கான பட்டியல் அது. மூன்று பிரிவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒவ்வொரு பிரிவு ஆசிரியரும் எக்செல்லில் தட்டச்சு செய்து தந்ததை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, அதைப் படிக்கப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். பாதியிலேயே பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டது. எங்கோ ஒரு மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தது. மணி நாலரை. அவசரத்தில், ‘காலியாக இருந்தால் 0 என்று வைத்துக்கொள்’ என ஒரு வரியைச் சேர்த்தேன். நிரல் ஓடியது. பட்டியல் அச்சாகி அறிவிப்புப் பலகைக்குப் போனது.

மறுநாள் இடைவேளையில் ஒரு மாணவி ஆய்வக வாசலில் வந்து நின்றாள். “சார், நான் கணக்குப் பரீட்சையே எழுதலை. அம்மை போட்டிருந்துச்சு, லீவ் லெட்டர் கூடக் குடுத்திருக்கேன். எனக்கு எப்படி சார் சைபர் போட்டீங்க? எல்லாரும் பார்த்துட்டாங்க.”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன். ஆனால் முதல் நாள் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியலில் சி.எஸ்.வி. கோப்புகளுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, எக்செல்லில் மதிப்பெண் பதிவு செய்யும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இந்தச் சிக்கல் பொதுவானது. கணினி தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். நிரல் பகுதி நடுவில் கொஞ்சம்தான் வரும்.

ஒரே கோப்பு, மூன்று சராசரி

கணிதத்தில் ஐந்து மாணவர்களின் மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண், காற்புள்ளி, மதிப்பெண்.

1201,72
1202,58
1203,
1204,0
1205,65

1203 தேர்வுக்கு வரவில்லை. 1204 வந்து எழுதி, பூச்சியம் எடுத்திருக்கிறான். இப்போது வகுப்புச் சராசரி என்ன?

காலி இடத்தை 0 ஆக்கினால் 195-ஐ 5-ஆல் வகுக்கிறோம்: 39. எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் 195-ஐ 4-ஆல் வகுக்கிறோம்: 48.75. காலியோடு சேர்த்துப் பூச்சியத்தையும் ஒதுக்கிவிட்டால் 195 வகுத்தல் 3: 65. கூட்டுத்தொகை மூன்றிலும் ஒன்றுதான். கூட்டலில் பூச்சியம் எந்த மாற்றத்தையும் செய்யாது என்பதால் தவறு அங்கே தெரியாது. வகுக்கும் எண்ணில்தான் அது ஒளிந்திருக்கிறது. 39 என்றால் தலைமையாசிரியர் கணித ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரிப்பார். 65 என்றால் பாராட்டுவார். இரண்டுக்கும் அந்த ஆசிரியர் காரணமில்லை.

இந்த ஐந்து மதிப்புகளை எக்செல்லில் இட்டு ‘ஆவரேஜ்’ சூத்திரம் போட்டால் 48.75 என்றுதான் வரும். காலிக் கட்டத்தை அது தானாகவே ஒதுக்கிவிடும். 0 இருந்தால் எண்ணிக்கொள்ளும். சரியாகத்தானே செய்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பாடவாரியாகத் தனித்தனித் தாள்கள் வைத்திருந்து, தொகுப்புத் தாளில் ‘கணிதத் தாளின் இந்தக் கட்டத்தைக் கொண்டு வா’ என்று சமக்குறி போட்டு இணைத்தீர்களானால், காலிக் கட்டம் அங்கே 0 ஆக வந்து நிற்கும். அதன் மேல் போடும் சராசரி 39. ஒரே மென்பொருள், ஒரே மதிப்பெண், இரண்டு விடை. தொகுப்புத் தாளில் யாரும் தட்டச்சு செய்யாத பூச்சியங்கள் முளைத்திருந்தால் இதுதான் காரணம்.

நிரல் ஏன் நிற்கிறது?

உரைக்கோப்பில் எண்கள் கிடையாது, எழுத்துகள்தான் உண்டு. 72 என்பது அங்கே ஏழு, இரண்டு என்ற இரு குறிகள் கொண்ட சரம். அதைக் கூட்டவோ வகுக்கவோ முடியாது. ‘இன்ட்’ என்ற செயற்கூறு அந்தக் குறிகளைப் படித்து முழு எண்ணாக மாற்றித் தருகிறது. 1203-இன் வரியைக் காற்புள்ளியில் பிரித்தால் இரண்டாவது துண்டு, ஒரு குறியும் இல்லாத வெற்றுச் சரம். படிக்க ஒன்றுமில்லாததை என்ன எண்ணாக மாற்றுவது? பைத்தான் ‘வேல்யூ எரர்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

மாணவர்கள் இதை நிரலின் கோளாறாகப் பார்க்கிறார்கள். என் எண்ணம் நேர்மாறானது. அது நாணயமான நடத்தை. சி மொழியில் இதே வேலைக்குப் பழைய ‘ஏடுஐ’ என்ற செயற்கூறு உண்டு. வெற்றுச் சரம் கொடுத்தாலும், எண்ணே இல்லாத சொல் கொடுத்தாலும் சத்தமில்லாமல் 0 திருப்பித் தரும். ஜாவாஸ்கிரிப்டில் ‘நம்பர்’ என்பதும் வெற்றுச் சரத்தை 0 ஆக்கிவிடும். பதினொன்றாம் வகுப்பில் நாம் நடத்தும் சி++ மொழியில், கோப்பிலிருந்து முழு எண் மாறிக்குள் படிக்கும்போது எண்ணுக்குப் பதில் எழுத்து எதிர்ப்பட்டால் வாசிப்பு தோற்றுவிடும். 2011-க்குப் பிந்தைய தரத்தின்படி மாறிக்குள் 0 வைக்கப்படும். தோற்றதா என்று நாம் கேட்டுப் பார்க்காவிட்டால் அந்த 0 மதிப்பெண்ணாகிவிடும். அன்று என் நிரல் நின்றது எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதை வாயடைத்தது நான்.

பிழைச்செய்தியைக் கடைசி வரை படிக்கப் பழக்குங்கள். அதன் இறுதியில் ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே, மாற்ற முடியாமல் போன சரம் அப்படியே காட்டப்படும். இரு குறிகளும் ஒட்டி நின்றால் வெற்றுச் சரம். நடுவே இடைவெளி தெரிந்தால், யாரோ கட்டத்தில் இடைவெளி விசையைத் தட்டியிருக்கிறார்கள். ‘45.5’ என்றிருந்தால் அரை மதிப்பெண். ‘இன்ட்’ அதை ஏற்காது. ‘1,200’ என்று காற்புள்ளி இட்ட தொகையையும் ஏற்காது. சில சமயம் கோப்பின் முதல் மதிப்பு மட்டும் பிழை தரும். பார்வைக்குச் சரியான எண்ணாகத்தான் இருக்கும். எக்செல் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைப்பதுதான் அதற்குக் காரணம். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை ‘யு.டி.எஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் அது நீங்கிவிடும்.

எண்ணின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளையும் வரி முடிவுக் குறியையும் ‘இன்ட்’ தானே நீக்கிக்கொள்ளும். இன்னொன்றையும் மாணவர்களுக்குச் செய்து காட்டுவேன்: ௪௫ என்று தமிழ் எண்களில் எழுதிக் கொடுத்தாலும் பைத்தான் அதை 45 என்று படிக்கும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ போட்டால் பிழை காட்டும். அது இட மதிப்பு முறையில் வரும் இலக்கம் அல்ல. இதைப் பார்க்கும் நாளில் வகுப்பு கலகலப்பாகிவிடும்.

காலி என்றால் என்ன பொருள்?

அந்த மாணவியின் பெயரை நீக்கிய பிறகு கோப்பை நிதானமாகப் பார்த்தேன். கணித நெடுவரிசையில் இன்னொரு காலிக் கட்டமும் இருந்தது. அந்தப் பையன் தேர்வு எழுதியிருந்தான். விடைத்தாள் கட்டில் அவனுடைய தாள் முன்னவனுடைய தாளோடு ஒட்டிக்கொண்டு, திருத்தாமலே விடுபட்டிருந்தது. ஆக, ஒரு காலிக் கட்டம் ‘வரவில்லை’. மற்றது ‘இன்னும் திருத்தவில்லை’. மொழிப்பாட விலக்கு பெற்ற மாற்றுத்திறன் மாணவர்கள் உள்ள பட்டியலில் மூன்றாவது பொருளும் உண்டு: ‘இவருக்கு இந்தப் பாடமே இல்லை’. கோப்பில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

இதை எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. பதிவு செய்யும் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அதனால் இப்போது நாங்கள் வராதவருக்கு ‘வ’ என்றும், விலக்குப் பெற்றவருக்கு ‘வி’ என்றும் கட்டத்தில் எழுதிவிடுகிறோம். காலிக் கட்டம் என்றால் ஒரே பொருள்தான்: இன்னும் யாரோ வேலையை முடிக்கவில்லை. நிரல் காலியைக் கண்டால் எதையும் நிரப்பாது. வரிசை எண்ணையும் பாடத்தையும் தனியே அச்சிடும். நான் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போவேன்.

குறியீடாக எண்ணையே வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. வராதவருக்கு -1 போடலாமே? உலக அளவில் வானிலைப் பதிவுகளைத் தொகுக்கும் அமெரிக்கக் கோப்புகளில் அளவிடப்படாத நாளுக்கு -9999 என்று எழுதும் வழக்கம் உண்டு. அது பெரிய எண் என்பதால் தவறிக் கூட்டினாலும் விடை கோணலாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மேலே உள்ள ஐந்து மதிப்பெண்களில் -1 சேர்ந்துவிட்டால் கூட்டுத்தொகை 194, சராசரி 38.8. யாருக்கும் சந்தேகமே வராது. எழுத்துக் குறியீடு நல்லது. தப்பித்தவறிக் கூட்டப் போனால் நிரல் மறுத்துவிடும்.

படிகள்

ஆய்வகத்தில் படிகளை முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். பைத்தானுக்கு மாற்றுவது அதன் பிறகு. எங்கள் குறிப்பேட்டில் இருப்பது இது:

மதிப்பெண்ணாக்கு (துண்டு) என்னும் செயற்கூறு:
துண்டின் இருபுறமும் உள்ள இடைவெளிகளை நீக்கு.
துண்டு ‘வ’ அல்லது ‘வி’ எனில், ‘நன்’ என்பதைத் திருப்பி அனுப்பு.
துண்டு வெற்றுச் சரம் எனில், வரிசை எண்ணைக் கேள்விப் பட்டியலில் சேர். ‘நன்’ என்பதைத் திருப்பி அனுப்பு.
மற்றபடி ‘இன்ட்’ மூலம் மாற்றி, எண்ணைத் திருப்பி அனுப்பு.

‘நன்’ என்பது பைத்தானில் ‘மதிப்பு ஏதுமில்லை’ என்பதற்கான தனிப் பொருள். அதை எண்ணோடு கூட்ட முடியாது. கூட்டப் போனால் பிழைச்செய்தி வரும். நமக்கு வேண்டியதும் அதுவே.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம்தான். முதல் தவறைத் திருத்தியபோது, ‘மதிப்பெண் இருந்தால் மட்டும் பட்டியலில் பார்’ என்ற பொருளில், ‘இஃப்’ சொல்லுக்குப் பின் மாறியின் பெயரை மட்டும் எழுதினேன். பைத்தானில் அப்படி எழுதினால் ‘நன்’ மட்டுமல்ல, 0-உம் ‘இல்லை’ என்றே கொள்ளப்படும். விளைவு, உண்மையிலேயே தேர்வெழுதிப் பூச்சியம் எடுத்த ஒரு பையன் சிறப்பு வகுப்புப் பட்டியலிலிருந்து மறைந்துபோனான். மாணவிக்கு நடந்தது அன்றே தெரிந்துவிட்டது, அவள் வந்து கேட்டாள். இவன் வந்து கேட்கவில்லை. எந்தப் பையன் தானாக வந்து ‘என்னைச் சிறப்பு வகுப்பில் விட்டுவிட்டீர்கள்’ என்பான்? அரையாண்டுத் தேர்வின்போதுதான் கணித ஆசிரியர் கவனித்தார். அந்த வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவனுக்கு மூன்று மாதம் கிடைக்காமல் போனது.

ஆகவே சோதனையை ‘மதிப்பெண் நன் அல்ல எனில்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மாற்றுவதற்கு முன்பு, சரமாக இருக்கும்போது சோதித்தாலும் சிக்கல் இல்லை. மேற்கோள் குறிக்குள் உள்ள ‘0’ ஒரு எழுத்துள்ள சரம், அதைப் பைத்தான் ‘இருக்கிறது’ என்றே கொள்ளும். மாற்றிய பிறகுதான் அது எண் 0 ஆகி ‘இல்லை’ பக்கம் சாய்கிறது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, மாணவர்களையே இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்கச் செய்வது நல்லது.

‘ட்ரை’, ‘எக்ஸெப்ட்’ தெரிந்த மாணவர்கள் உடனே அதற்குத் தாவுவார்கள்: மாற்றிப் பார், பிழை வந்தால் 0 வை. இதை நான் அனுமதிப்பதில்லை. வெற்றுச் சரத்தை மட்டுமல்லாமல் எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். 40 என்று தட்டச்சு செய்யும்போது பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்து விழுந்திருந்தால், அந்தப் பிள்ளையின் 40 காணாமல் போய் 0 ஆகிவிடும். பிழையைப் பிடிப்பதில் தவறில்லை. பிடித்ததை வரி எண்ணோடு அச்சிட வேண்டும்.

பிழைச்செய்தியே வராத பிழை

இதுவரை சொன்னவற்றில் காலி இடம் காலியாகவேனும் இருந்தது. அது இருந்த தடமே இல்லாமல் போவதும் உண்டு. சிலர் குறிப்பேட்டுச் செயலியில், காற்புள்ளி இல்லாமல் இடைவெளி விட்டு மதிப்பெண் தட்டச்சு செய்கிறார்கள்: வரிசை எண், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். கணிதத்தில் ஒருவர் வராவிட்டால் அங்கே இரண்டு இடைவெளி மட்டும் இருக்கும். ‘ஸ்ப்ளிட்’ செயற்கூற்றை எந்தக் குறியும் தராமல் அழைத்தால், எத்தனை இடைவெளி சேர்ந்திருந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அறிவியல் மதிப்பெண் கணிதத்தின் இடத்துக்கு நகரும்; சமூக அறிவியல் அறிவியலாகும். வராத பிள்ளை கணிதத்தில் 81 எடுத்ததாகப் பட்டியல் சொல்லும். சி++ மொழியின் கோப்பு வாசிப்பும் இப்படித்தான் இடைவெளிகளைத் தாண்டிப் போகும். அங்கே அடுத்த மாணவரின் வரிசை எண்ணே இவருடைய மதிப்பெண்ணாகிவிடலாம்.

காற்புள்ளியில் பிரித்தால் வெற்றுத் துண்டு அதன் இடத்திலேயே இருக்கும். தத்தல் குறியைப் பயன்படுத்தினால், அதையே பிரிப்பானாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எப்படியானாலும், ஒவ்வொரு வரியிலும் எத்தனை துண்டுகள் வந்தன என்று எண்ணிப் பார்க்கும் ஒரு வரியை நிரலில் சேர்த்துவிடுங்கள். ஆறு வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தால் நிறுத்து. இந்த ஒற்றைச் சோதனை எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது.

கோப்பின் கடைசியில் வரும் வெற்று வரி மாணவர்களை அதிகம் குழப்பும். வெற்று வரியைக் காற்புள்ளியில் பிரித்தால் வெற்றுப் பட்டியல் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வருவதோ, ஒரே ஒரு வெற்றுச் சரம் கொண்ட பட்டியல். சி.எஸ்.வி. தொகுதியின் ‘ரீடர்’ மூலம் படித்தால் வெற்றுப் பட்டியலே வரும். எக்செல்லில் அழித்த வரிசைகள் சில நேரம் வெறும் காற்புள்ளிகளாகக் கோப்பின் அடியில் தங்கிவிடுவதும் உண்டு. வரிசை எண்ணே காலியாக உள்ள வரியைத் தாண்டிவிடலாம். வரிசை எண் இருந்து மதிப்பெண் காலியாக உள்ள வரியைத் தாண்டவே கூடாது.

வகுப்பறையில்

மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: மேலே தந்த ஐந்து வரிகளோடு, இடைவெளி மட்டும் உள்ள கட்டம், ‘வ’, ‘ஓ’ எழுத்து கலந்த எண், ஒரு துண்டு குறைந்த வரி, கடைசியில் வெற்று வரி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கோப்பு கொடுங்கள். நிரல் எழுதுவதற்கு முன், எதிர்பார்க்கும் விடையைத் தாளில் கணக்கிட்டு வைக்கச் சொல்லுங்கள். விடை தெரியாமல் நிரலை ஓட்டுபவர், வந்த எண்ணையே விடை என்று நம்பிவிடுவார். உண்மையான மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள்.

தொடக்க வகுப்பிலும் இதைச் செய்யலாம், கணினி வேண்டியதில்லை. ‘உனக்கு எத்தனை தம்பி தங்கைகள்?’ என்று கேட்டுக் கரும்பலகையில் அட்டவணை போடுங்கள். ஒரு பிள்ளை ‘யாரும் இல்லை’ என்பாள், அங்கே 0. அன்று வராத பிள்ளையின் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால், பெரும்பாலும் 0 என்றுதான் குரல் வரும். எழுதிவிடுங்கள். ‘அப்படியென்றால் அவளுக்குத் தம்பி தங்கை யாருமே இல்லையா?’ என்று கேளுங்கள். “இருக்காங்க டீச்சர், ரெண்டு பேரு, எங்க பக்கத்து வீடுதான்” என்று யாராவது ஒரு குழந்தை எழுந்து சொல்லும். அழித்துவிட்டு என்ன போடலாம் என்று அவர்களே யோசிக்கட்டும். கோடு, கேள்விக்குறி, வட்டம் என்று பலவும் வரும். எது பூச்சியத்தோடு குழம்பாது என்று பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த நாள் அவள் பள்ளிக்கு வந்ததும் சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்து, அந்தக் கட்டத்தை அவளையே நிரப்பச் சொல்லலாம்.